செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன்

சாவியைத் திருப்புகிறீர்கள், வண்டி எடுக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போனிலேயே பதில் வந்துவிடும்: “செல்ஃப் போயிருக்கும் சார், கழட்டிப் பாத்துடலாம்.” அந்தக் கழற்றலைத் தள்ளிப்போடுவதற்காகவே இந்த அத்தியாயம். பல கார்களில் செல்ஃப் மோட்டார் இன்ஜினின் பின்பக்கம், மேனிஃபோல்டுக்கு அடியில், கை நுழையாத இடத்தில் இருக்கிறது. அதை இறக்கி ஏற்றவே அரை நாள் போகலாம். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. மோட்டாரைத் தொடும் முன் பாதுகாப்புக்காக பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். வேலை முடிந்ததும் அதைத் துடைத்து இறுக்கி மாட்டுவார்கள். உண்மையான கோளாறு அந்த டெர்மினலிலேயே இருந்திருந்தால் வண்டி இப்போது ஜோராக எடுக்கும். மோட்டாருக்குள் புதிதாகப் போட்ட கார்பன் பிரஷ்ஷால்தான் சரியானது என்று மெக்கானிக்கும் நம்புவார், நீங்களும் நம்புவீர்கள். சில மாதங்களில் டெர்மினலில் மறுபடி உப்புப் பூக்கும். வண்டி மறுபடி நிற்கும்.

அதனால் முதலில் காது, அடுத்து மீட்டர். ஸ்பேனருக்கு வேலை அதற்கப்புறம்தான்.

மின்சாரம் போகும் இரண்டு வழிகள்

கோளாறு தேட மோட்டாரின் உள் அமைப்பு முழுவதும் தெரிய வேண்டியதில்லை. மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்று தெரிந்தால் போதும்.

தடித்த வழி ஒன்று. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து விரல் பருமனுள்ள கேபிள் புறப்பட்டு, செல்ஃபின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சொலினாய்டின் பெரிய போல்ட்டுக்கு வருகிறது. பல கார்களில் அதன் அருகே 30 என்று எண் குத்தியிருக்கும். சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கும்போதும் இந்த போல்ட்டில் பேட்டரியின் முழு வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். சொலினாய்டுக்குள் உள்ள செம்புத் தகடு முன்னே வந்து அழுத்தும்போது, இந்த போல்ட்டும் மோட்டாருக்குள் போகும் இரண்டாவது பெரிய போல்ட்டும் இணைகின்றன. இந்த இரண்டாவதை மோட்டார் போல்ட் என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், மோட்டாரின் உடம்பு, இன்ஜின் பிளாக், எர்த் கேபிள் என்று சுற்றி மின்சாரம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிறது. சின்ன பெட்ரோல் காரில் இந்த வழியில் 100 ஆம்பியர் அளவுக்கு ஓடும். டீசல் என்றால் 200-ஐத் தாண்டும். ஹெட்லைட் ஒன்று இழுப்பது சுமார் 5 ஆம்பியர்தான் என்பதோடு ஒப்பிட்டால் இதன் கனம் புரியும்.

மெல்லிய வழி இன்னொன்று. சாவியோ ஸ்டார்ட் பட்டனோ தரும் கட்டளை ரிலே வழியாக, கிளட்ச் சுவிட்ச் அல்லது கியர் சுவிட்சைத் தாண்டி, சொலினாய்டின் சின்ன டெர்மினலுக்கு வருகிறது. அதன் எண் 50. இது வந்தால்தான் சொலினாய்டு இழுக்கும்.

சொலினாய்டு இரண்டு வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டை இழுத்து, ஃபோர்க் மூலம் பினியனை முன்னே தள்ளி ஃப்ளைவீலின் ரிங் கியரோடு கோக்கிறது. அதே இழுப்பின் முடிவில் செம்புத் தகட்டை அழுத்தி மோட்டாருக்கு மின்சாரம் விடுகிறது. பினியனில் 9 பல்லும் ரிங் கியரில் 110 பல்லும் இருந்தால், இன்ஜின் ஒரு சுற்று சுற்ற பினியன் 12 சுற்று சுற்ற வேண்டும். இன்ஜின் பிடித்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகும். இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது பினியன் மாட்டிக்கொண்டே இருந்தால் அது 36,000 சுற்று சுழலும், ஆர்மேச்சரின் கம்பிச் சுற்று பிய்ந்து சிதறும். அப்படி ஆகாமல் காப்பது பினியனோடு சேர்ந்த ஒன்-வே கிளட்ச். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இந்த முழுப் பாகத்தையும் பெண்டிக்ஸ் என்று கேட்டால் தருவார்கள்.

சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் வந்தது. அதுவரை முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றவேண்டும். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். நம்மூரில் பழைய அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு அந்த ஹேண்டில் நன்றாகவே நினைவிருக்கும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் செல்ஃபின் அடிப்படை வேலைமுறை பெரிதாக மாறவில்லை. அம்பாசடருக்குக் கற்ற சோதனை இன்றைய காருக்கும் பெரும்பாலும் பொருந்துவது அதனால்தான்.

காது சொல்வது

கண்ணாடியை ஏற்றி, ஏசி ஃபேனையும் பாட்டையும் அணைத்துவிட்டு சாவியைத் திருப்புங்கள். கூட ஒருவர் பானெட் அருகே நின்று கேட்டால் இன்னும் நல்லது.

சத்தமே இல்லை என்றால், சந்தேகம் முதலில் மெல்லிய வழிமேல் போகவேண்டும். டாஷ்போர்டு விளக்குகள் நன்றாக எரிகின்றனவா? எரிந்தால் கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பாருங்கள். இப்போது வரும் பல கார்கள் கிளட்ச்சை முழுதாக மிதிக்காமல் செல்ஃப் எடுக்காது. ஃப்ளோர் மேட் மடங்கி பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தால்கூட இந்த சுவிட்ச் வேலை செய்யாது. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கியரை பார்க்கிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றி முயற்சி செய்யுங்கள். நியூட்ரலில் எடுத்து பார்க்கில் எடுக்காவிட்டால் கோளாறு கியர் சுவிட்சில். செல்ஃபுக்கு அதில் சம்பந்தமில்லை. சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். மற்ற சாவியை எடுத்து வாருங்கள். ஸ்டார்ட்டர் ரிலேவைச் சோதிக்க, ஃப்யூஸ் பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலேவை, உதாரணமாக ஹாரனுடையதை, மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். மழைக்காலத்தில் பானெட்டுக்குள் குடியேறும் எலிகளையும் மறக்க வேண்டாம். 50-க்கு வரும் மெல்லிய ஒயர் அவற்றின் பல்லுக்கு வாகான பருமன்.

டக் டக் டக் என்று வேகமாக அடித்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஏன் அப்படி அடிக்கிறது என்பது தெரிந்தால் மீதிச் சந்தர்ப்பங்களில் ஏமாறாமல் இருக்கலாம். சொலினாய்டில் இரண்டு காயில்கள் உண்டு. தண்டை இழுக்கும் காயில் பலமானது; இழுத்த தண்டைப் பிடித்து வைத்திருக்கும் காயில் மெல்லியது. செம்புத் தகடு ஒட்டிய நொடியில் இழுக்கும் காயிலின் இரு முனையிலும் ஒரே வோல்ட் வந்து அது ஓய்ந்துவிடும். அதன் பிறகு பிடிக்கும் காயில்தான் தாங்க வேண்டும். சோர்ந்த பேட்டரியில், தகடு ஒட்டி மோட்டார் மின்சாரத்தை இழுத்ததும் வோல்ட் சரிகிறது, பிடிக்கும் காயில் கைவிடுகிறது, தண்டு பின்வாங்குகிறது. மோட்டாரின் பாரம் நீங்கியதும் வோல்ட் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்த டக் டக். இப்போது யோசியுங்கள்: பேட்டரி நல்ல நிலையில் இருந்து, பிடிக்கும் காயில் அறுந்திருந்தால்? அப்போதும் இதே சத்தம்தான் வரும். நல்ல பேட்டரி போட்டும், டெர்மினலும் எர்த்தும் சுத்தமாக இருந்தும் டக் டக் நிற்காவிட்டால் சொலினாய்டு சுவிட்சை மட்டும் மாற்றினால் தீரும்.

ஒரே ஒரு கனமான டக், பிறகு அமைதி. இதற்குக் காரணங்கள் அதிகம் என்பதால் மீட்டர் வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினால் ஒரு குறிப்பு கிடைக்கும். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை என்றால் மோட்டாருக்குள் மின்சாரம் போகவே இல்லை: சொலினாய்டின் செம்புத் தகடு கருகியிருக்கும், அல்லது கார்பன் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கும். வெளிச்சம் செத்து மங்கினால் ஒன்று பேட்டரியோ அதன் டெர்மினலோ மோசம், அல்லது மோட்டார் இழுத்தும் ஏதோ இறுகிப்போய்ச் சுற்ற மறுக்கிறது.

இழுத்து இழுத்துச் சுற்றும் செல்ஃப், அதாவது ‘உவ்... உவ்... உவ்’ என்று சோம்பலாக முனகுவது, மிகவும் தவறாகக் கணிக்கப்படுகிறது. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

மோட்டார் மட்டும் விர்ரென்று சுழன்று இன்ஜின் அசையாவிட்டால் பேட்டரியைத் தேடிப் போகாதீர்கள். மின்சாரப் பக்கம் சுத்தம். பினியன் முன்னே வரவில்லை, அல்லது வந்தும் ஒன்-வே கிளட்ச் வழுக்குகிறது. இதற்கு மோட்டாரை இறக்கித்தான் ஆக வேண்டும்.

கறகறவென்று பல்லோடு பல் உரசும் சத்தம் சில நாள் வந்து சில நாள் வராமல் இருந்தால் ரிங் கியரைச் சந்தேகியுங்கள். நாலு சிலிண்டர் இன்ஜினை அணைக்கும்போது அது பெரும்பாலும் ஏதோ இரண்டு இடங்களில் ஒன்றில்தான் நிற்கும். மூன்று சிலிண்டர் என்றால் மூன்று இடம். எந்த பிஸ்டன் அழுத்தத்தை எதிர்த்து ஏற முடியாமல் நிற்கிறதோ அந்த நிலையில் ஃப்ளைவீலும் நிற்கிறது. அதனால் பினியன் மோதுவதும் ஆண்டுக்கணக்கில் அதே பற்களின் மேல்தான், தேய்வதும் அவைதான். இதைக் கண்டுபிடிப்பது எளிது: இக்னிஷனை அணைத்து, டாப் கியரில் போட்டு, வண்டியை ஓரடி முன்னே தள்ளுங்கள். பிறகு நியூட்ரலுக்கு மாற்றிச் சாவியைத் திருப்பினால் சுத்தமாக எடுக்கிறதா? அப்படியானால் ரிங் கியர். கியர்பாக்ஸை இறக்காமல் அதை மாற்ற முடியாது என்பதால், அடுத்து கிளட்ச் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்வது பணத்துக்கு நல்லது. அதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம். உடைந்த பல் புதுப் பினியனையும் தின்றுவிடும்.

இன்ஜின் ஓட ஆரம்பித்தும் செல்ஃப் சத்தம் நிற்கவில்லை என்றால் யோசிக்க நேரமில்லை. இன்ஜினை அணையுங்கள். அணைத்தும் செல்ஃப் சுற்றினால் செம்புத் தகடு போல்ட்டோடு ஒட்டிப்போயிருக்கிறது. 10 எம்எம் ஸ்பேனரோடு ஓடிப்போய் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது ஒன்றே வழி. பொறி பறக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் காலையில் எதையும் போடாமல் அளந்தால் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0-க்கு வந்துவிட்டால் அதை சார்ஜ் செய்யாமல் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்வதில் பயனில்லை. ஓட்டி வந்த உடனே அளந்தால் மீட்டர் அதிகமாகக் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கவும்.

நிற்கும்போது காட்டும் வோல்ட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. மீட்டரின் முனைகள் பேட்டரியில் இருக்கும்போதே வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சுற்றும் நேரம் முழுவதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. நல்ல பேட்டரியும் நல்ல மோட்டாரும் உள்ள சின்ன காரில் 10-க்கு மேலேயே நிற்கும். கீழே போனால் இரண்டு சாத்தியம்: பேட்டரியால் கொடுக்க முடியவில்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறிக் கேட்கிறது. இன்னொரு நல்ல பேட்டரியை ஜம்ப்பர் கேபிளால் இணைத்துப் பார்த்தால் பிரிந்துவிடும். நம் வெயிலில் பானெட்டுக்குள் வேகும் பேட்டரி மூன்று, நான்கு வருடத்தில் சோர்வது இயல்பு. அதற்குச் செல்ஃபைப் பழிசொல்ல வேண்டாம்.

செல்ஃபை ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள். அந்த மோட்டார் சில விநாடி வேலைக்கென்றே செய்யப்பட்டது. விடாமல் அடித்தால் அதன் சூட்டில் ஈய ஒட்டு உருகும். கோளாறு தேடப் போய்க் கோளாறு செய்துவிடக் கூடாது.

வோல்ட் எங்கே தொலைகிறது?

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பட்டறைகளில் டெஸ்ட் பல்பை செல்ஃபின் பெரிய போல்ட்டில் வைப்பார்கள். பல்ப் பளிச்சென்று எரியும். “கரண்ட்டு வருதுண்ணே, மோட்டார்தான் போச்சு” என்பார்கள். இந்த முடிவு தப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பல்ப் எரிய அரை ஆம்பியர் போதும். மோட்டாருக்கு 100 வேண்டும். தோட்டத்துக் குழாயை யாரோ மிதித்துக்கொண்டிருந்தாலும், நுனியை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் சொட்டுவது தெரியும். கேபிளும் அப்படியே. உள்ளே நூற்றுக்கணக்கான இழைகளில் பத்து மட்டும் மிஞ்சியிருந்தாலும், சும்மா அளக்கும்போது 12.6 காட்டும். பாரம் ஏறும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

அதற்கு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சுற்ற மட்டும் வேண்டும். பெட்ரோல் காரில் ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, லைனில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் ஒருமுறை ஓடி நிற்கவிடுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, துப்பட்டாவோ தொங்கும் சங்கிலியோ பெல்ட் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணின் நடு உச்சியில் வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்ப்பில் வைத்தால் தூணுக்கும் கிளாம்ப்புக்கும் இடையிலான கோளாறு தப்பிவிடும். சோதனையின் உயிரே இந்த இடத்தில்தான். கருப்பு முனையை செல்ஃபின் 30 போல்ட்டில், நட்டின்மேல் அல்ல, போல்ட்டின் மேலேயே வையுங்கள். செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். இப்போது மீட்டரில் வருவது, கேபிள் வழியில் தொலைந்துபோன வோல்ட். சிவப்பை அங்கேயே வைத்து, கருப்பை மட்டும் மோட்டார் போல்ட்டுக்கு மாற்றி மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். எண் எவ்வளவு கூடியதோ அது சொலினாய்டின் செம்புத் தகட்டில் தொலைவது. பாசிட்டிவ் பக்கம் மொத்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்து எர்த் பக்கம்: கருப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில், சிவப்பு முனை செல்ஃப் மோட்டாரின் உடம்பில், பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில். இங்கே 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சோம்பலாகச் சுற்றும் காரில் பேட்டரி, சுற்றும்போது 10.8 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நல்லது. பாசிட்டிவ் பக்கம் 0.4 தொலைகிறது, அதுவும் சரி. எர்த் பக்கம் 2.1 வருகிறது என்று வையுங்கள். மோட்டாருக்கு மிஞ்சியது 8.3 வோல்ட். அது சோம்பலாகச் சுற்றாமல் என்ன செய்யும்? இப்போது சிவப்பு முனையை மோட்டாரிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கும், அங்கிருந்து எர்த் கேபிள் பிளாக்கில் இறுகும் லக்குக்கும், அடுத்து பேட்டரி கிளாம்ப்புக்கும் படிப்படியாக நகர்த்தி ஒவ்வொரு முறையும் அளந்தால், 2.1 எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் சட்டென்று விழுகிறது என்று தெரிந்துவிடும். லக்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் என்றால், ஒரு போல்ட்டைக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்து இறுக்கினால் வேலை முடிந்தது. புது மோட்டார் போட்டிருந்தால் அதற்கும் இதே 8.3 வோல்ட்தான் கிடைத்திருக்கும்.

கடலோர ஊர்களில் எர்த் லக்கை முதலில் பார்ப்பது என் வழக்கம். சென்னையின் கடற்கரைப் பக்கமோ, தூத்துக்குடியோ, நாகப்பட்டினமோ, உப்புக்காற்று கேபிளின் ரப்பர் உறைக்குள் புகுந்து செம்பைப் பச்சைப் பொடியாக்கிவிடும். வெளியே பார்த்தால் கேபிள் புதிது போலவே இருக்கும். லக்கிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி விரலால் அழுத்துங்கள்: மொறமொறவென்று நொறுங்கினால் கேபிளை மாற்றுங்கள். பேட்டரித் தூணில் பூத்த உப்பை வெந்நீரில் ஆப்பசோடா கரைத்து ஊற்றிக் கழுவலாம். மூடிகளுக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டவும். மாட்டிய பிறகு வாசலின் தடவினால் அடுத்த உப்பு தாமதமாக வரும்.

ஒற்றை டக்குக்கும் இதே முறை. சாவி திரும்பியிருக்கும்போது கருப்பு முனையை எர்த்தில் வைத்து 30 போல்ட்டில் அளந்தால் 12 வோல்ட், மோட்டார் போல்ட்டில் பூஜ்யம் என்றால் செம்புத் தகடு கருகிவிட்டது. இரண்டிலும் 12 நின்றும் மோட்டார் அசையாவிட்டால், கார்பனோ ஆர்மேச்சரோ. இரண்டிலும் வோல்ட் பாதாளத்துக்குப் போனால் மோட்டார் இழுக்கிறது, ஆனால் ஏதோ இறுகியிருக்கிறது. டக் சத்தமே இல்லாத வண்டியில் 50-ஐ அளக்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது அங்கே வருவது, அந்த நேரத்தில் பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. முழு வோல்ட் வந்தும் சொலினாய்டு பேசாவிட்டால் அது செத்துவிட்டது; வரவில்லை என்றால் அறுந்த இடத்தைச் சாவிவரை பின்னோக்கித் தேடுங்கள்.

கையில் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் சீக்கிரம் முடியும். வாங்கும்போது கேட்டு வாங்குங்கள், மலிவான கிளாம்ப் மீட்டர்கள் ஏசி மட்டுமே அளக்கும். சோம்பலாகச் சுற்றும்போது வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் ஓடினால் எங்கோ உராய்வு: சுழல்தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் சுவரில் உரசுகிறது, அல்லது இன்ஜினே இறுக்கம். குறைவாக ஓடினால் வழியில் தடை: கேபிள், செம்புத் தகடு, கார்பன். ஒரே அறிகுறிக்கு எதிரெதிர் இரண்டு காரணங்களை ஒரே எண் பிரித்துக் காட்டுவதால் இந்த மீட்டருக்குச் செலவழிப்பது வீணில்லை என்பேன்.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக எடுத்து, நெடுந்தூரம் ஓட்டி டீ குடிக்க நிறுத்திய பிறகு எடுக்க மறுக்கும் வண்டியை, சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். சூட்டில் செம்பின் தடை ஏறும், சொலினாய்டின் இழுப்பு குறையும். புகைக்குழாயை ஒட்டி அமைந்த செல்ஃபுகளில் இது அதிகம். குளிர்ந்தபின் பட்டறைக்குக் கொண்டுபோனால் எல்லா எண்ணும் சரியாக வந்து, ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார்கள்.

மீட்டர் இல்லாத இடத்தில்

நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறீர்கள், டிக்கியில் ஜம்ப்பர் கேபிள் மட்டும் இருக்கிறது. வேறு பேட்டரி இல்லாமலே ஒரு நல்ல சோதனை செய்யலாம். கருப்புக் கேபிளின் ஒரு முனையை உங்கள் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் கவ்வவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். செல்ஃப் உயிர் பெற்றால் எர்த் கேபிள்தான் கோளாறு.

டக் மட்டும் வரும் செல்ஃபை ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொருவர் சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பல நேரம் எடுத்துவிடும். தேய்ந்த கார்பன் அந்த அதிர்வில் ஒருமுறை ஒட்டிக்கொள்கிறது. வீடு போய்ச் சேரலாம். அத்தோடு நேரே பட்டறைக்கு. ஓங்கி அடிக்காதீர்கள். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாரில் காந்தம் உடைந்து ஆர்மேச்சரில் சிக்கும்.

மேனுவல் கியர் என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்: சாவி ஆனில், இரண்டாம் கியர், கிளட்ச் மிதித்தபடி, வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டு, பிடித்தவுடன் மறுபடி மிதிக்கவும். ஆட்டோமேட்டிக்கில் இது நடக்காது.

ஸ்க்ரூடிரைவரால் 30-ஐயும் 50-ஐயும் குறுக்கே தொட்டு ஸ்டார்ட் செய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கீழே படுத்துக்கொண்டு அதைச் செய்பவருக்கு வண்டி கியரில் நிற்பது தெரியாமல் போனால், இன்ஜின் பிடித்து வண்டி அவர்மேலேயே ஏறிவிடும். கிளட்ச் சுவிட்சும் கியர் சுவிட்சும் தடுக்க வேண்டியதை அந்த ஸ்க்ரூடிரைவர் தாண்டிப் போகிறது. தம்பி, அண்ணே என்று யார் கேட்டாலும் செய்யவிடாதீர்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அப்படி நின்ற வண்டியில் செல்ஃப் அடித்தே பார்க்கக் கூடாது. ஏர் ஃபில்ட்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், தண்ணீர் அழுந்தாது. பிஸ்டன் பாதியில் முட்டி நின்றுவிடும். செல்ஃபோ தள்ளுவதை விடாது. கனெக்டிங் ராட் வளையும். ஒரே டக், ஹெட்லைட் செத்து மங்குகிறது, பேட்டரி நல்லது என்றால் மறுபடி சாவியைத் தொடாமல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றவைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் சுற்றும் திசையில் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லை என்று உறுதியான பிறகும், சேற்றுநீரில் மூழ்கிய செல்ஃபை இறக்கிச் சுத்தம் செய்வது நல்லது. ஈரம் காயும்போதுதான் புஷ்ஷும் தண்டும் துருவேறிப் பிடித்துக்கொள்ளும்.

கழற்றிய பிறகு

எல்லா எண்ணும் மோட்டாரைத்தான் காட்டுகின்றன, இறக்கியாகிவிட்டது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கார்பன் புதிதின் நீளத்தில் பாதிக்குக் கீழே வந்திருந்தால் மாற்ற வேண்டும், ஸ்ப்ரிங்கோடு. ஆர்மேச்சரின் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் புஷ் போயிருக்கிறது. கார்பன் மட்டும் மாற்றினால் சீக்கிரமே திரும்பி வருவீர்கள். காமுடேட்டரில் ஒன்றிரண்டு கட்டங்கள் மட்டும் கருகியிருந்தால் அந்தச் சுற்று உள்ளே அறுந்திருக்கலாம், ஆர்மேச்சர் சோதிக்கும் கருவியான க்ரவ்லரில் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஃபோர்க் பிளாஸ்டிக் என்றால் விரிசல் பாருங்கள்.

பெண்டிக்ஸை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறப்போட்டுக் கழுவுவது பரவலான பழக்கம். கூடாது. ஒன்-வே கிளட்ச்சுக்குள் அடைத்து வைத்த கிரீஸ் கரைந்து வெளியேறி, அது சீக்கிரமே வழுக்க ஆரம்பிக்கும். துணியால் துடைத்தால் போதும். கைவிரலில் பினியனைச் சுற்றிப் பாருங்கள்: ஒரு பக்கம் சுழல வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும்.

மோட்டாருக்குள் எண்ணெய்ப் பசை இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று மேலே பாருங்கள். வால்வ் கவர் கேஸ்கெட்டோ பின் ஆயில் சீலோ ஒழுகிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும். இல்லையேல் புதுக் கார்பனும் அதே எண்ணெயில் ஊறும்.

கார்பன், புஷ், சொலினாய்டு வரை பழுது என்றால் பழைய மோட்டாரைச் சரிசெய்துகொள்வதே என் கட்சி. 1961-ல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்கள் இங்கேயே செல்ஃப் தயாரிப்பதால் பல மாடல்களுக்கு உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கிறது. பெயரில்லாத மலிவுப் புது மோட்டாரைவிட, ஒழுங்காகச் சரிசெய்த அசல் மோட்டார் மேல். ஆர்மேச்சரே எரிந்திருந்தால் கணக்கு மாறும், அப்போது புதிது. சிக்னலில் தானே அணைந்து எடுக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு அதற்கென்றே வலுவாகச் செய்த மோட்டார்தான் போட வேண்டும், பேட்டரியும் அப்படியே. சாதாரணமானது மாட்டிக்கொள்ளும், உழைக்காது.

திரும்ப ஏற்றும்போது, செல்ஃப் உட்காரும் முகத்தையும் கியர்பாக்ஸ் முகத்தையும் துடைத்து, ஸ்ப்ரே பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். மோட்டாரின் எர்த் அந்த முகம் வழியாகத்தான் போகிறது. பழையதில் ஷிம் இருந்தால் அதே ஷிம் திரும்ப வர வேண்டும். 30 போல்ட்டின் நட்டை இறுக்கும்போது பின்னால் சொலினாய்டின் பிளாஸ்டிக் மூடி முறுக்கிக்கொள்ளாமல் பார்க்கவும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை மாட்டும் முன் ஒருமுறை செல்ஃப் அடித்து, சுற்றும்போது பேட்டரி வோல்ட்டையும், பாசிட்டிவ், எர்த் இரண்டு பக்க இழப்பையும் அளந்து, தேதியோடு சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை செல்ஃப் முனகும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் வண்டியின் சொந்த எண்களே கையில் இருக்கும்.